சேமக்காலை மதிலுக்கு வெளியே

ஸ்காபரோ, ரொறன்ரோ
12 மே 2009

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நானும் இவரும் நிலாணியும் உடம்பளவில் சுகம். மனதைப் பற்றிக் கேட்கவேண்டாம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தான் அறியலாம். ரெலிபோன் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீங்களும் “செபம் சொல்லு, தங்கச்சி” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனை எடுத்தேன்.

தம்பி ஜெயத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாசி மாதம் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து அரை நிமிடம் கதைத்தான். “அக்கா, நாங்கள் நாலு பேரும் ஒண்டாத்தான் இருக்கிறம்” என்றான். சின்னவள் றொமிலா பக்கத்தில் ஏதோ கேட்டு அழுதாள். பிறகு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போனார்கள், கடலோரம் போனார்களா, ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, சண்டையை நிறுத்தச் சொல்லி, நாங்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். நானும்தான் அண்ணை, ரோட்டைக் கடக்கவே பயப்படுகிற கிளடிஸ். குழந்தை வண்டிகளோடு தாய்மார் முன்னால் இருந்தார்கள். கீழே இறங்கிய பிறகு, கார் ஒன்றுக்குள் இருந்த வெள்ளைக்காரர் கண்ணாடியை இறக்கி, “உங்கட சண்டையை உங்கட நாட்டிலை வைச்சுக்கொள்ளுங்கோ” என்றார். நிலாணி குனிந்து மரியாதையாகச் சொன்னாள்: “நான் பிறந்தது இஞ்ச, ஸ்காபரோவிலை.” பத்தொன்பது வயதில் அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை வழமைபோல ஆஸ்பத்திரி லோன்றியில் துணி மடித்தேன். பக்கத்தில் நின்ற பிலிப்பினோப் பெண், “வார இறுதி எப்படிப் போச்சு?” என்று கேட்டாள். நல்லாப் போச்சு என்றேன்.

உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். நாங்கள் இருக்கிற பேட்டைக்கு வெக்ஸ்போர்ட் என்று உங்கள் அயர்லாந்தின் பெயர்தான். ஆனால் அயர்லாந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு எதையாவது வாசிக்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் தங்கச்சி,
கிளடிஸ்

*

மேயோ, அயர்லாந்து
27 மே 2009

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அந்தச் செய்தியைக் குசினியில் றேடியோவில் கேட்டேன். கேட்டுவிட்டு, அன்றைக்குக் கல்யாணப் பூசையைப் பற்றிப் பேச வந்திருந்த ஒரு சோடிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பாடல்களைத் தெரிவு செய்தேன். நீ துணி மடித்தாய். நானும் அப்படித்தான்.

சரியாக அதே கிழமை இந்த நாட்டுக்கும் ஒரு இடி விழுந்தது. முன்னொரு காலத்தில் துறவிகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைகளை வதைத்ததைப் பற்றி அரசாங்க விசாரணை அறிக்கை வெளிவந்தது. எங்கள் முடிவு பத்திரிகையின் ஒரு மூலையில். மற்றப் பக்கமெல்லாம் அந்தப் பிள்ளைகள். தபாற்கந்தோரில் ஒருவர் என் கழுத்துப் பட்டியைப் பார்த்து, “பாதர், நீங்கள் இங்கத்த ஆள் இல்லை, தெரியும். ஆனாலும் உந்தச் சட்டையைத்தானே போட்டிருக்கிறியள்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு முத்திரையை வாங்கினேன்.

ஊரைக் கேட்டிருந்தாய். மழை, மதில், செம்மறி. நாற்பது வருடத்துக்கு முன் பூசைக்கு இடமில்லாமல் ஆட்கள் வாசலில் முழந்தாளில் நிற்பார்களாம். இப்போது முன்வரிசை முழுக்க வெறுமை. வயதானவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சிலுவை போடவும் தெரியாது. இவர்களுக்குக் குருமார் இல்லாமல்தான் யாழ்ப்பாணத்தான் ஒருவனை இறக்கியிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஊர் எல்லையில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய வயல் இருக்கிறது. அதை உழமாட்டார்கள், மாடும் கட்டமாட்டார்கள். வயல் முழுக்கப் பெயர் எழுதாத சின்னச் சின்னக் கற்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கோயில் மயானமான சேமக்காலைக்குள் விடாத காலத்தில், தகப்பன்மார் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே தாட்டுவிட்டு வருவார்களாம். தாய்மாருக்கு இடத்தைச் சொல்வதில்லை. குருவானவரும் போவதில்லை.

சென்ற வாரம் நோரா என்ற எண்பத்துநாலு வயது அம்மா என்னிடம் வந்தார். “பாதர், என்ரை மகன் அந்த வயலுக்கை கிடக்கிறான். நான் கண்ணை மூடமுதல் அந்த நிலத்தைத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு விடுவியளோ?” என்று கேட்டார். வேறு சில ஊர்களில் இது நடந்திருக்கிறது. ஆனால் இங்கே பழைய ஆட்கள் விரும்பவில்லை. நானோ அந்நியன். அதுவும் இந்த அறிக்கை வந்து எல்லோரும் கொதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

ஜெயத்துக்காகத் தினமும் பூசை வைக்கிறேன். மச்சானுக்கும் நிலாணிக்கும் என் ஆசீர்.

அன்பு அண்ணன்,
அலெக்ஸாண்டர்

*

ஸ்காபரோ
14 ஜூன் 2009

அன்புள்ள அண்ணை,

ஜெயம் இருக்கிறான். செட்டிகுளம் முகாமில். அங்கே வேலை செய்கிற ஒருவரின் போனில் கதைத்தான். மனிசியும் மூத்தவனும் இருக்கிறார்கள். றொமிலா இல்லை.

எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். கடைசிக் கிழமை பதுங்குகுழிக்குள் இருந்தபோது செல் விழுந்திருக்கிறது. அவளை வைத்து அழக்கூட நேரமில்லை. அதே குழிக்குள் கிடத்தி, மண்ணைக் கையால் தள்ளி மூடிவிட்டு, சனத்தோடு சனமாக நடந்திருக்கிறார்கள். “அக்கா, நாலு பக்கமும் ஒரே மாதிரி மணல். ஒரு மரம்கூட இல்லை. அடையாளம் ஒண்டும் வைக்கேல்லை” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிள்ளை செத்ததைவிட அடையாளம் வைக்காமல் வந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லைப்போல் இருந்தது.

போனை வைத்த பிறகு இவர் எழும்பிப் போய்ப் பின்வளவில் புல் வெட்டினார். வெட்டின இடத்தையே திரும்பவும் வெட்டினார்.

வேறு எழுத வரவில்லை. அந்த நோரா அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கிளடிஸ்

*

மேயோ
30 ஜூன் 2009

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கோயிலுக்குள் இருந்தேன். றொமிலாவை நான் படத்தில்தான் பார்த்தேன். அந்த முன்பல் இல்லாத சிரிப்பு. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நல்ல காலம். மாசற்ற குழந்தை, நேரே மோட்சத்துக்குப் போயிருப்பாள். அதை நினைத்து நீயும் ஜெயமும் ஆறுதல் அடையவேண்டும்.

நோரா அம்மாவின் விஷயத்தை ஊர்க் கூட்டத்தில் வைத்தேன். நல்ல வாக்குவாதம். டப்ளினிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தாள். வழக்கறிஞர், கோயிலை விட்டு விலகி இருபது வருடம். “அம்மாக்கு உங்கட பூசையிலை நம்பிக்கை இருக்கு, எனக்கு இல்லை. நீங்கள் வெளியிலை விட்டதை நீங்கள்தான் உள்ளை எடுக்கவேணும்” என்றாள். அதற்கு மார்ட்டின் எழும்பினார். நோராவின் காலஞ்சென்ற கணவருடைய அண்ணன். அன்றைக்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவரே அவர்தானாம். “எங்கட தேப்பன்மார் வாயை மூடிக்கொண்டு செய்த காரியம். அவையள் கெட்ட ஆக்கள் இல்லை. நீங்கள் உதைத் தோண்டினால் அவையளைத்தான் குற்றவாளி ஆக்கிறியள்” என்றார். அரைவாசிப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. திருச்சபையே இரண்டு வருடத்துக்கு முன், அந்தக் குழந்தைகளும் இறைவனிடம் இருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு என்று சொல்லியிருக்கிறது. ஆகவே இனி ஒரு சடங்கு கட்டாயம் என்றில்லை. கொஞ்சக் காலம் போகட்டும் என்று ஒத்திவைத்தேன். நோரா அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

மனதைத் தளரவிடாதே.

அன்பு அண்ணன்,
அலெக்ஸாண்டர்

*

ஸ்காபரோ
19 ஜூலை 2009

அண்ணை,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழித்தால் பிறகு ஒருபோதும் எழுதமாட்டேன்.

றொமிலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நல்ல காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காவிட்டால் அவளை எங்கே அனுப்பியிருப்பீர்கள்?

எண்பத்துநாலாம் ஆண்டு மார்கழியில் எனக்குக் குழந்தை தங்கவில்லை என்று வீட்டில் உங்களுக்குச் சொன்னார்கள். தங்காமல் போகவில்லை, அண்ணை. நிறைமாதம். ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே பிறந்தான். ஆண்பிள்ளை. தலை நிறைய முடி. அழவில்லை. மருத்துவிச்சி அவனைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினாள். நான் அவனுடைய விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். அதற்குள் எங்கள் ஐயா கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார். அப்போது அவர்தானே கோயில் மூப்பர். சேமக்காலைக்குள் விடேலாது என்று சுவாமியார் சொன்னதை வாசலில் நின்றே சொன்னார். ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல் வந்திருக்கிறார். பிறகு ஐயாவும் இவரும் மண்வெட்டியோடு போனார்கள். எங்கே என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையும் இருக்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் குருமடத்திலிருந்து வந்தீர்கள். அம்மா உங்களிடம் ஏதோ அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, “தங்கச்சி, அப்படிப் போற பிள்ளையளுக்கு வேதனை ஒண்டும் இல்லை. ஆனால் கடவுளைக் காணாயினம்” என்று சொன்னீர்கள். ஆறுதலுக்காகத்தான் சொன்னீர்கள். அன்றைக்குப் படித்ததை அன்றைக்குச் சொன்னீர்கள். நான் கோபிக்கவில்லை. ஆனால் இருபத்துநாலு வருடமாக ஒவ்வொரு பூசையிலும், நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து முழந்தாளில் இருக்கும்போது, என் மகன் காணாத ஒருவரைத்தான் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இப்போது திருச்சபை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது என்று எழுதுகிறீர்கள். ஏதோ பஸ் நேரம் மாறினதுபோல. இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். ஒரு போன் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லையா?

மார்ட்டின் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. ஐயாவும் கெட்டவர் இல்லை. ஆனால் ஐயாவின் பெயர் கெடாமல் இருப்பதற்காக நான் எத்தனை வருடம் வாயை மூடவேண்டும்? நோரா அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. அவரிடம் கொஞ்சக் காலம் போகட்டும் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

அந்த அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அதுவரைக்கும் எனக்கு எழுதவேண்டாம்.

கிளடிஸ்

*

மேயோ
3 ஆகஸ்ட் 2009

அன்புத் தங்கச்சி,

எழுதவேண்டாம் என்றாய். இருந்தும் எழுதுகிறேன், இந்த ஒன்றுக்கு மட்டும். நிறைமாதம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அதனால் தெரியாது. கதிரையைப் போட்டு இருந்தது ஞாபகம் இருக்கிறது. சொன்னது ஞாபகம் இல்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது. நீ சுமந்துகொண்டிருந்ததை நான் சொன்ன அன்றே மறந்திருக்கிறேன்.

அலெக்ஸாண்டர்

*

மேயோ
21 செப்ரெம்பர் 2009

அன்புத் தங்கச்சி,

பதில் சொல்லிவிட்டேன். அதனால் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த கிழமையே நோரா அம்மா வீட்டுக்குப் போனேன். குசினிக் கதவைத் திறந்தவர், “யார் செத்தது?” என்றார். குருவானவர் சொல்லாமல் வந்தால் இங்கே அப்படித்தான் நினைப்பார்கள். நான் வயலை மந்திரிக்கிறேன் என்றேன். “மார்ட்டின் சம்மதிச்சவரோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றினார். பாதி பீரிஸ் தட்டுக்குள்தான் விழுந்தது.

பிறகு மார்ட்டினிடம் போனேன். பின்வளவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, எந்தக் கல் என்று நோராவுக்குக் காட்டுங்கோ என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “என்ரை தம்பிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். அவன் செத்தாலும் சத்தியம் சத்தியம்தான், பாதர்.” நான் உடனே வரவில்லை. விறகு முடியும்வரை நானும் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில், “எனக்கும் ஒண்டு அங்கை கிடக்குது” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சென்ற சனிக்கிழமை காலை செய்தோம். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தேன். மதிலோரம் முழுக்கச் சனம். கோயிலுக்கு வராதவர்கள்கூட. பக்கத்து ஊர்களிலிருந்தும் கிழவிகளை மகன்மார் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மார்ட்டின் வரவில்லை. வருவார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே எந்தக் கல் என்று யாருக்கும் தெரியவில்லை. மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கை நிக்கப் போறியள், அம்மா?” என்று கேட்டாள். நோரா அம்மா சுற்றிப் பார்த்தார். “நடுவிலை” என்றார்.

நான் தீர்த்தம் தெளிப்பதற்கு முன், எழுதிக் கொண்டுபோனதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னேன்: “இந்தப் பிள்ளைகளை வெளியே விட்டது திருச்சபை. அதன் பெயரால் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.” பிறகு ஒரு வயதான பெண் சத்தமாக ஒரு பெயரைச் சொன்னாள். பின்னால் இன்னொருத்தி. நான் கேட்காமலே. ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வந்தன. பெயர் வைக்காத பிள்ளைகள் என்றுதானே சொன்னார்கள்; எல்லோருக்கும் பெயர் இருந்தது, தங்கச்சி.

அங்கே நின்றபோது நான் உன்னைத்தான் நினைத்தேன். கார்த்திகை இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள் பூசையில் உன் மகனுடைய பெயரையும் பீடத்தில் வாசிக்க விரும்புகிறேன். அவனுக்கு நீ என்ன பெயர் வைத்தாய்? எழுதுவாயா?

அண்ணன்,
அலெக்ஸாண்டர்

*

ஸ்காபரோ
8 நவம்பர் 2009

அன்புள்ள அண்ணை,

மரித்தோர் திருநாள் போகட்டும் என்றுதான் பிந்தி எழுதுகிறேன். கோபத்தில் இல்லை.

உங்கள் கடிதத்தை நான் ஒருமுறை வாசித்துவிட்டுக் குசினி மேசையில் வைத்திருந்தேன். இவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே எடுத்து வாசித்தார். உங்களுக்கு அவரைத் தெரியும்தானே, பத்து வார்த்தைக்கு மேல் ஒரு நாளில் பேசாதவர். வாசித்து முடித்துவிட்டு, “கிளடிஸ், தேத்தண்ணி வேண்டாம், இரும்” என்றார். நான் இருந்தேன்.

“எங்கட வளவு முடியிற இடத்திலை ஒரு பூவரசு நிண்டது, ஞாபகமோ?” என்று கேட்டார். “சேமக்காலை மதிலுக்கும் அதுக்கும் நடுவிலை. மதிலோடை ஒட்டித்தான் வெட்டினனான். வெளியிலை எண்டாலும் கிட்டவா இருக்கட்டுமெண்டு. ஐயா கல்லு வைக்கவேண்டாம் எண்டவர். அவர் போனாப்பிறகு நான் திரும்பிப் போய் ஒரு முருகைக்கல்லை உருட்டி வைச்சனான்.” கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, “ஐயா அண்டைக்கு வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவர். உமக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சொன்னவர்” என்றார்.

நான் கேட்டேன்: “இருபத்துநாலு வருஷமா ஏன் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லை. கேட்டால் தாங்கமாட்டீர் எண்டு நான் நினைச்சன். கேட்டால் நான் தாங்கமாட்டன் எண்டு நீர் நினைச்சிருப்பீர்.” அண்ணை, என் கல்யாண வாழ்க்கையில் இவர் இவ்வளவு பேசியதே இல்லை. நிலாணி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, “எனக்கு ஒரு அண்ணா இருந்தவரா?” என்றாள். ஓம் என்றேன். எவ்வளவு சின்னச் சொல். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

அவன் பெயர் நிர்மலன். வயிற்றில் இருக்கும்போதே வைத்துவிட்டேன். பூசையில் வாசிப்பதற்காக எழுதவில்லை. அவனுடைய பெயர் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் அங்கே செய்தது பெரிய காரியம். நோரா அம்மா நடுவில் நின்றார் என்று வாசித்தபோது நானும் அழுதேன். ஆனால் அது அவர்களுடைய வயல். அந்தப் பெயர்கள் அந்தத் தாய்மார் தங்கள் வாயால் சொன்ன பெயர்கள். என் மகனுடைய பெயரை மேயோவில் ஒரு பீடத்தில் வாசித்து முடித்துவிட்டால், ஏதோ கணக்குத் தீர்ந்ததுபோல உங்களுக்கு இருந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் திருநாளைப் போகவிட்டேன்.

எங்கள் ஊர் இன்னும் ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்தான். சண்டை முடிந்துவிட்டது, விடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பூவரசு நிற்கிறதோ, மதில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும். முகாமிலிருந்து ஆட்களை வெளியே விடத் தொடங்கியிருக்கிறார்கள், ஜெயமும் வந்துவிடுவான். வந்ததும் மணலில் மகளைத் தேடப் போவேன் என்கிறான். தனியாகப் போகாதே, நாங்கள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பாதை திறக்கிற அன்றைக்கு நானும் இவரும் நிலாணியும் போவோம். முதலில் றொமிலாவிடம், பிறகு நிர்மலனிடம்.

நீங்களும் வாருங்கள். லீவு கேட்டு வையுங்கள். அங்கியும் தீர்த்தச் செம்பும் கொண்டுவரவேண்டாம், மந்திரிப்பதற்கு ஊரில் சுவாமியார் இருப்பார். மாமாவும் பெரியப்பாவுமாக ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் இன்னும் காட்டவில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். சளி இருந்தால் மருந்தை நிற்பாட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
கிளடிஸ்